தாய்மாமன் கொண்டுவந்த பாக்ஸ் செட்

அருப்புக்கோட்டைப் பக்கத்து விசேஷ வீடுகளில் ஒலிபெருக்கி இரண்டே வகை. ஒன்று குழாய். புளியமரத்து உச்சியில் கட்டிவிட்டால் அடுத்த ஊர்க்காரனுக்கும் தூக்கம் போய்விடும். இன்னொன்று பாக்ஸ். ஆள் உயரப் பெட்டிகள் லாரியில் வந்து இறங்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முடுக்கினால், பந்தியில் ஊற்றிய ரசம் தானாகவே இலையை விட்டு நடந்து போகும். குழாய் கட்டினால் சிக்கனம், பாக்ஸ் செட் இறக்கினால் கௌரவம்.

முனீஸ்வரனுக்கு மட்டும் பாக்ஸ் செட் என்றால் வேறு. நூற்பாலையில் எலக்ட்ரீசியனாக இருந்த அவன், 'பித்தளை நாரை' என்று அர்த்தம் வருகிற பெயர் கொண்ட ஒரு லண்டன் இசைக்குழுவின் மேல் பித்துப்பிடித்துத் திரிந்தான். அவர்கள் வாசிப்பது புரோக்ரெசிவ் ராக். மற்றவர்கள் நாலு நிமிடத்தில் முடிக்கிற பாட்டை இவர்கள் இருபத்தாறு நிமிடம் இழுப்பார்கள். தாளமும் நாலு நாலாக நடக்காது. ஏழு ஏழாக, ஒரு கால் செருப்பு அறுந்தவன் நடையில் போகும். ஐம்பது வருடமாக அவர்கள் வாசித்த அத்தனையையும் பதினேழு சிடியில் அடக்கி, ஒரு படப் புத்தகத்தையும் சேர்த்து, தடித்த அட்டைப்பெட்டியில் போட்டு விற்றார்கள். அந்தப் பெட்டிக்குப் பெயரும் பாக்ஸ் செட்தான்.

தான் ஆர்டர் செய்த பெட்டி கப்பலேறிவிட்ட சந்தோஷத்தில் அக்கா முத்துலட்சுமிக்குப் போன் போட்டான்.

"அக்கா, பாக்ஸ் செட்டு வருதுக்கா. லண்டன்லருந்து. மொத்தம் பதினேழு."

எம்.ரெட்டியபட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்த முத்துலட்சுமி, மகளின் காதுகுத்துக்குத் தம்பி என்ன சீர் கொண்டுவரப் போகிறானோ என்று கவலையில் இருந்தவள். "பதினேழா? ஊரு தாங்குமாடா?" என்றாள்.

"தாங்காதுக்கா. இந்த மாதிரி அங்க ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க."

இரண்டு பேரும் ஒரே சந்தோஷத்தோடு போனை வைத்தார்கள்.

காதுகுத்துக்கு முந்தின நாள் மத்தியானம் முனீஸ்வரன் பைக்கில் ரெட்டியபட்டி போய் இறங்கினான். முன்னால் வாழைத்தார், பின்னால், காட்டிப் பெருமைப்பட எடுத்துவந்த பெட்டி. தெரு ஓரத்துக் கருவேல முள்ளையெல்லாம் வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். அக்கா வீட்டுக்காரரின் அண்ணன் மாரிச்சாமி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

"லாரி எங்க மாப்ள? திரும்பணுமேன்னு காலையிலருந்து முள்ளு வெட்டுறோம்."

"எந்த லாரி மச்சான்?"

"பாக்ஸ் செட்டு லாரி. ஒன்ன நம்பி டவுனுல சொல்லி வச்சிருந்த செட்ட வேணாம்னுட்டேன்."

முனீஸ்வரனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மெதுவாகப் பையைத் திறந்து பெட்டியை எடுத்து நீட்டினான். மாரிச்சாமி வாங்கினார், குலுக்கினார், காதில் வைத்துப் பார்த்தார்.

"இது என்ன, டிபன் பாக்ஸா?"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். முத்துலட்சுமி சிரிக்கவில்லை. அவள் முகம் போன போக்கைத்தான் முனீஸ்வரனால் பார்க்க முடியவில்லை.

"நாளைக்கு மைக்குல சீர் வாசிக்கிறது நான்தான்" என்றார் மாரிச்சாமி. "தாய்மாமன் என்ன பாக்ஸ் கொண்டாந்தாருன்னு ஊருக்கே வெவரமாச் சொல்றேன்."

மறுநாள் ஊரெங்கும் முகூர்த்தம். அருப்புக்கோட்டையில் ஒரு செட் மிச்சமில்லை. கடைசியில் பாலவனத்தத்தில் சேக் முகம்மது பாயிடம் இரண்டு குழாயும், பழைய ஆம்ப்ளிஃபையரும், ஒரு மைக்கும், ஒரு சிடி பிளேயரும் இருப்பதாகத் தெரிந்தது. பென் டிரைவை அவர் நம்புவதில்லை.

"செட்டு இருக்கு தம்பி. பாட்டுதான் இல்ல" என்றார் பாய்.

"சிடியெல்லாம் எங்க பாய்?"

"கம்மங்கொல்லையில கட்டித் தொங்குது. வெயில்ல பளபளன்னு சுத்தும், குருவி வராது. செல்போன்ல மாட்டுற வயரையும் ஒருத்தன் எரவல் வாங்கிட்டுப் போயிட்டான்."

முனீஸ்வரன் தன் பெட்டியைப் பார்த்தான். "பாட்டு என்கிட்ட இருக்கு பாய்."

மறுநாள் காலை. ஒன்பதாம் சிடியைப் பாய் உள்ளே தள்ளினார். அதில் ஒரே பாட்டு.

குழாய்க்கு ஒரு குணம் உண்டு. தூரத்தில் இருக்கிறவனைக் கூப்பிட வாய்க்குமுன் இரண்டு கையையும் குவிக்கிறோமே, அதே வேலையைத்தான் அதுவும் செய்கிறது: அடியில் சின்னத் தகடு அதிர, விரிந்துகொண்டே போகும் வாய் அந்தச் சத்தத்தைக் காற்றில் நன்றாகத் தள்ளிவிடும். ஆனால் கனத்த, தாழ்ந்த சத்தத்தை அப்படித் தள்ள வேண்டுமென்றால் வாய் ஒரு கிணறு அகலமாவது இருக்கவேண்டும். அதனால் பித்தளை நாரைக் குழுவின் கனத்த சுரம் வாசிக்கும் பேஸ் கிட்டார்காரர் ரெட்டியபட்டிக்கு வரவே இல்லை. மற்றவர்கள் எல்லாரும் மூக்கடைப்போடு வந்து சேர்ந்தார்கள்.

குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்து, ஆட்டுக்குட்டி போலக் கத்தும் குழாயை வாய்பிளந்து பார்த்தது. அதற்குள் ஆசாரி ஒரு காதைக் குத்திவிட்டார். இரண்டாவது காதுக்குத்தான் அதற்கு அழ ஞாபகம் வந்தது.

"தம்பி, பாட்டு எப்ப முடியும்?" என்று பாய் கேட்டார்.

"இன்னும் இருவது நிமிசம் இருக்கு பாய்."

பாய் அவனை உற்றுப் பார்த்தார். கண் கலங்கியது போல இருந்தது. "மைக்கு ஆன்லதான் இருக்கு. ஆம்ப்ளிஃபையர மட்டும் யாரும் தொட்டுறக் கூடாது, ஷாக் அடிக்கும்" என்று சொல்லிவிட்டு, நேரே பந்தியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மாரிச்சாமி துண்டை உதறி மைக்கைப் பிடித்தார். அவர் குரல் பாட்டுக்குள் அமுங்கிப் போயிற்று. பாயைப் பார்த்துக் கையாட்டினார். பாய் சோற்றுக் கையைத் தூக்கிக் காட்டி, பாட்டு முடியட்டும் என்று சைகை செய்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பாட்டு மதுரைக்குப் போகிற பஸ் மாதிரி. நடுநடுவே நிற்கும். ஊர் வந்துவிட்டதென்று இறங்கினால், மறுபடி கிளம்பிவிடும். அப்படி நான்கு நிறுத்தம். ஐந்தாவதுதான் நிஜமான முடிவு. முனீஸ்வரனுக்கு அது மனப்பாடம். மாரிச்சாமிக்குத் தெரியாது.

பாட்டு தேய்ந்து நின்றது. மாரிச்சாமி தொண்டையைச் செருமினார்.

"நம்ம தாய்மாமன் முனீஸ்வரன் அவர்கள்—"

இடி விழுந்தது போல டிரம்ஸ் முழங்கியது. பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

மறுபடி நின்றது.

"லண்டன்லருந்து பாக்ஸ் செட்டு—"

பாட்டுக்குள் மணிகள் கணகணவென்று ஒலித்தன. "லண்டன்லருந்தாம்ல" என்று ஒருவர் அடுத்த இலைக்காரரிடம் சொன்னார்.

மூன்றாவது நிறுத்தத்தில் மாரிச்சாமி அவசரப்பட்டார். "இத மாதிரி ஒரு தாய்மாமன நான் எங்கயுமே—"

குழாயில் நாற்பது பேர் ஒன்றாகக் குரலெடுத்துப் பாடினார்கள். பக்கத்து வீட்டு மாயக்காள் தாங்க முடியாமல் குலவையிட்டாள். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரோ கைதட்டினார்கள்.

"பெரிய மச்சான் எம்புட்டு மரியாதையாப் பேசுறாக" என்று முத்துலட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான்காவது நிறுத்தத்தில் அவர் வாயைத் திறந்ததுமே வயலின் வந்துவிட்டது.

முனீஸ்வரன் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். இனி இருப்பது ஒன்றே ஒன்று. அது முடிந்தால் முடிந்ததுதான். அப்புறம் மைக்கும் மாரிச்சாமியும்தான்.

பாட்டு நின்றது. காற்றில் வேப்பிலை அசைகிற சத்தம் கேட்டது. மாரிச்சாமி மைக்கை வாயருகே கொண்டுபோனார், பேசவில்லை. ஓரக்கண்ணால் குழாயைப் பார்த்தார். குழாய் சும்மா இருந்தது. ஒரு காலை முன்னால் வைத்தார். பின்னால் எடுத்தார். பந்தி முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"எல்லாரும்..." என்று சொல்லிச் சட்டென்று நிறுத்தினார். ஒன்றும் வெடிக்கவில்லை. "எல்லாரும் இருந்து சாப்ட்டுட்டுத்தான் போகணும்."

மைக்கை வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பந்தலுக்கு வெளியே போய்விட்டார்.

விசேஷம் முடிந்து வயரைச் சுற்றும்போது முனீஸ்வரன் கூலியை எடுத்தான். பாய் அவன் கையைத் தள்ளினார்.

"நாலு நிமிசத்துக்கு ஒரு பாட்டு மாத்தி மாத்தி, முப்பது வருசத்துல ஒரு விசேசத்துலயும் நான் சூடாச் சாப்பிட்டதில்ல தம்பி. இன்னைக்குத்தான் சாம்பார், ரசம், பாயாசம், மோரு எல்லாம் ஒழுங்கா முடிச்சேன். வெத்தலகூடப் போட்டேன். காசு வேணாம். அந்த ஒம்பதாம் நம்பர மட்டும் குடுத்துரு."

"பாய், பதினேழும் சேர்ந்தாத்தான் அது பாக்ஸ் செட்டு."

"பதினாறு இருந்தா பாக்ஸ்னு ஒத்துக்க மாட்டாகளா?"

முனீஸ்வரன் பந்தலுக்குள் பார்த்தான். லண்டனில் இருந்து வந்த பாக்ஸ் செட்டைப் பற்றி அக்கா யாரிடமோ கையை அகல விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். விரித்த கைக்குள் ஒரு லாரி நிற்கலாம்.

சிடியைத் துடைத்துக் கொடுத்தான்.

"கம்மங்கொல்லையில மட்டும் கட்டிறாதீக, பாய்."