ஞாயிற்றுக்கிழமை வேலை

கார் நிற்பதற்குள் வெல்டா கதவைத் திறந்துவிட்டாள். வீட்டில் இரண்டு படி இறங்குவதற்கே மகள் கார்லீனின் தோளைப் பிடித்துக்கொள்கிறவள், வெடித்துக் கிடந்த வறண்ட ஏரித்தரையில் கைத்தடியை மறந்து விறுவிறுவென்று நடந்தாள். அம்மாவின் கைப்பையும் தடியுமாகக் கார்லீன் பின்னால் ஓட வேண்டியிருந்தது. கூரையை அறுத்தெறிந்துவிட்டுப் பெரிய எஞ்சின் பூட்டிய பழங்காலப் பந்தயக் கார்கள் வெயிலில் வரிசையாக நின்றன. பக்கத்தில் அவற்றின் சொந்தக்காரக் கிழவர்கள்.

"அடியே வெல்டா! இன்னும் சாகலையா நீ?" என்று எழுந்து வந்தார் அவர்களில் ஒருவரான எமெட்.

"உன்னைப் புதைச்சுட்டுத்தாண்டா போவேன்."

சொல்லிவிட்டு அம்மா தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கடைவாய்ப்பல் தெரியச் சிரித்தாள். கார்லீன் நின்றுவிட்டாள். ஐம்பத்தெட்டு வருஷமாகத் தெரிந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பாள். சின்ன வயதில் கார்லீன் சைக்கிளில் தெருமுனையைத் தாண்டினால் வாசலில் நின்று கத்துவாள். இந்தச் சிரிப்பை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள்? யாருக்காக?

எமெட் ஒரு சிவப்புக் காரின் மேல் கைவைத்தார். "உங்கம்மா ஓட்டின வண்டிம்மா இது. அப்போ பொம்பளைங்கள ஓட்ட விடமாட்டானுங்க. என் ஹெல்மெட்டையும் கண்ணாடியையும் மாட்டிட்டு என் பேர்லயே ஓட்டுவா. ஜெயிச்சது அவ, கைதட்டு எனக்கு."

"எந்த வருஷம்?"

"அம்பத்தஞ்சு, அம்பத்தாறு. ஞாயித்துக்கிழமையானா உங்க ஊரு பேக்கர்ஸ்ஃபீல்டுலேருந்து மோட்டார் சைக்கிள்லயே வந்து நிப்பா. ஒரு வாரம் தவறமாட்டா."

கார்லீனுக்கு அப்போது நாலு, அஞ்சு வயது. அப்பா கொரியப் போரிலிருந்து திரும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் சலவைக்கடையில் வேலை இருக்கிறது என்று சொல்லி, முட்டைக்கோஸ் வாடை அடிக்கும் திருமதி டிரிம்பிள் வீட்டில் அம்மா அவளை விட்டுவிட்டுப் போவாள். பொழுது சாய்ந்து முகமெல்லாம் சிவந்து திரும்புவாள். இஸ்திரிச் சூடு என்று நினைத்து, அந்த மூக்கில் கார்லீன் வெண்ணெய் தடவிவிடுவாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு பேசாமல் காட்டிக்கொண்டிருப்பாள். அம்மாவைப் பிடுங்கிக்கொண்ட அந்தச் சலவைக்கடைக்காரனைக் கார்லீன் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அவன் பாவம், ஞாயிற்றுக்கிழமை கடையே திறந்திருக்க மாட்டான்.

எமெட் எஞ்சினைக் குனிந்து பார்க்கப் போனதும் அவள் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். "சலவைக்கடைன்னு சொன்னியே."

வெல்டா கண்ணைத் தாழ்த்தவில்லை. "ஆமா, சொன்னேன்."

"என்னையும் கூட்டிட்டு வந்திருக்கலாமில்ல? ஒரு ஓரமா உக்காந்திருப்பேனே."

"நீ பாத்துட்டிருந்தா நான் மெதுவா ஓட்டியிருப்பேண்டி."

மன்னிப்பு இல்லை, சமாதானமும் இல்லை. வாரத்தில் ஆறு நாள் துணி வெளுத்தவள், ஏழாவது நாளைப் பற்றிச் சொன்னாள், அவ்வளவுதான். கார்லீனுக்கு அது புரியாமல் இல்லை. புரிந்தும் நெஞ்சு எரிந்தது. இந்தக் கிழவர் மேல், இந்தச் சிவப்புத் தகரத்தின் மேல், அம்மாவை முழுசாகப் பார்த்துவிட்ட இந்தத் தரையின் மேல்.

எஞ்சின் உறுமியது. "ஒரு ஓட்டம் ஓட்டிப் பாக்குறியா?" என்றார் எமெட். வெல்டா ஏற்கெனவே காலைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்ததும் அவள் கை நடுக்கம் நின்றது. பக்கத்தில் ஒரே ஒரு இருக்கைதான். கார்லீன் அதன் கதவுப்பிடியை நோக்கிக் கையை நீட்டினாள். அதற்குள் எமெட் அந்தப் பக்கமாக வந்து, பழகியவர் போலக் குனிந்து உள்ளே ஏறிக்கொண்டார்.

வெல்டா அவளைப் பார்த்தாள். ஏதோ சொன்னாள். சத்தத்தில் கேட்கவில்லை.

கார் சீறிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் கார் தெரியவில்லை, ஏரியின் கோடியை நோக்கி நீளும் வெள்ளைத் தூசி மட்டும் தெரிந்தது. அம்மாவின் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு கார்லீன் நின்றாள். கோடியில் போய்த் திரும்பும் என்று பார்த்தாள்; தூசி திரும்பவில்லை, இன்னும் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது.