ஒயர் இல்லாத குமிழ்

ஜீவனஹள்ளியில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் பதினான்கு பேர். வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் பாடல்களைப் பதிவு செய்து, எல்லாக் குரல்களையும் அளவாகக் கலந்து கொடுப்பது என் வேலை. வாரத்தில் ஐந்து நாள் எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில் தொங்குகிறவன் சனிக்கிழமையாவது நிம்மதியாக இருக்க முடியுமா? ஒவ்வொருவராக வீட்டுக்கு வந்து ஒரே விஷயத்தைச் சொல்வார்கள்: "டெரிக், என் வாய்ஸ மட்டும் கொஞ்சம் ஏத்துப்பா."

எல்லாரையும் ஏற்றினால் பாட்டு சந்தைக்கடை ஆகிவிடும். அதனால் என் மிக்ஸர் பலகையின் வலது ஓரத்தில் ஒரு குமிழ் வைத்திருக்கிறேன். அதற்குப் பின்னால் ஒயர் கிடையாது. யார் கேட்டாலும் அதைப் பயபக்தியுடன் திருகுவேன். பாக்கியராஜ் அண்ணன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு இப்போது சரியாக இருக்கிறது என்பார். ஒரு தடவை, ரொம்ப ஏறிவிட்டது, கொஞ்சம் குறை என்றுகூடச் சொன்னார். குறைத்தேன்.

இதில் ஒரு பாவமும் இருக்கிறது. கடைசி வரிசையில் பாடும் மௌரீன் என் மனைவி. அவளும் கேட்பாள். அவளுக்கும் ஒன்பது வருஷமாக அதே குமிழைத்தான் திருகினேன். பெண்டாட்டிக்குச் சலுகை என்று குழு என்னைக் கிழித்துவிடுமே என்ற பயத்தில், அவள் குரலை இருக்கவேண்டிய அளவுக்கும் கீழேயே வைத்திருந்தேன்.

இந்த வருஷம், தானாகவே கலந்து கொடுக்கும் மென்பொருள் ஒன்றை வாங்கினேன். யார் கேட்டாலும் மிஷின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று கணக்கு. பதினான்கு குரல்களையும் கொடுத்தேன், நான்கு நிமிஷத்தில் முடித்தது. அதற்கு மாமன் மச்சான் தெரியாது, பெண்டாட்டியும் தெரியாது.

சனிக்கிழமை மதியம், மௌரீன் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது போட்டுக் காட்டினேன். பதின்மூன்று குரல்கள் ஒதுங்கி வழிவிட்டன. நடுவில் ஒரு குரல் தெளிவாக நின்றது. அவளுடையது. எனக்கு வெட்கமாக இருந்தது.

பாட்டு முடியும்வரை அவள் கையில் துண்டோடு நின்றாள்.

"நான் இப்படியா பாடறேன்?"

"ஆமா."

"அப்போ ஒம்பது வருஷமா நீங்க ஏத்துனது?"

பொய் வரவில்லை. குமிழைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அதைப் பழைய ஓட்டையிலேயே செருகிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் காப்பி வந்தது, சர்க்கரை வரவில்லை. மிஷின் கலந்ததை அப்படியே கொடுக்கப்போகிறேன், குழு கிழித்தால் கிழிக்கட்டும் என்றேன். அவள் மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கப் போய்விட்டாள். கடைசியில் கெஞ்சினேன்.

"தப்புதான் மௌரீன். கோவத்தக் கொஞ்சம் கொறைச்சுக்கோயேன்."

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பலகையின் வலது ஓரத்துக்குக் கையை நீட்டி, அந்தக் குமிழைப் பயபக்தியுடன் இடது பக்கம் திருகினாள்.

"கொறைச்சாச்சு. போதுமா?"