இத்தாலிப் பல்லியின் வால்

செஞ்சி கடைத்தெருவில் எண்ணெய்க்கடை வைத்திருக்கும் அஜிததாஸின் வீட்டுக் கூடத்தில், அறுந்து விழுந்த ஒரு பல்லிவால் தை மாதத்திலிருந்து ஆனி வரை நிற்காமல் துடித்தது.

தரைக்கு வாங்கிய இத்தாலிச் சலவைக்கல்லின் மரப்பெட்டிக்குள் ஒளிந்து வந்த பல்லி அது. நம் பல்லி இரவில் இரை தேடும்; இது பகலில். உடம்பு சூடேறினால்தான் ஓட முடியும் என்பதால், காலையில் சுவரோடு தட்டையாக ஒட்டி வெயில் காயும். விரலில் ஒட்டும் பட்டை இல்லை. நகத்தால் காரையைப் பற்றி ஏறும். நாக்கை நீட்டி மோப்பம் பிடிக்கும். ஆனால் நம் பல்லியைப் போலச் சத்தமிடாது. ஊருக்குச் சந்தேகம் வந்தது அதனால்தான். முக்கியமான பேச்சு பேசினால் பல்லி சொல்கிறதா என்று காத்திருப்பது இங்கே வழக்கம். அஜிததாஸின் மகள் பிரம்மியைத் தன் மகன் ஜீவகனுக்குப் பெண் கேட்டு வந்த தனலட்சுமியும் காத்திருந்தார்.

"இன்னா சம்பந்தி, உங்க வூட்டுப் பல்லி ஊமையா?"

"அது இத்தாலிங்க. தமிழ் வராது."

பையனுக்குச் சென்னையில் நிரந்தர வேலை என்றார் தனலட்சுமி. பெண்ணுக்கு முழுச் சம்மதம் என்றார் அஜிததாஸ். யாரும் தொடாமலே வால் விழுந்தது.

வாலெலும்புக்குள் உடைவதற்கென்றே ஒரு கோடு உண்டு. பூனை பிடித்தால் பல்லியே தசையை இறுக்கி அங்கே முறித்துக்கொள்ளும். விழுந்த வால் சில நிமிடம் துடித்துப் பூனையை ஏமாற்றும். இது நிற்கவே இல்லை. துடிப்பதைக் குப்பையில் கொட்ட அந்த ஜைன வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. கூடையைக் கவிழ்த்து மூடினார்கள்.

பொய்யைக் கேட்டுத்தான் வால் விழுந்தது என்று இரண்டு வீட்டாரும் முடிவு கட்டினார்கள். இரண்டு பேச்சில் எது பொய்? அஜிததாஸ் சென்னைக்குப் போய் ஜீவகனின் அலுவலக வாசலில் நின்று பார்த்தார். வேலை உண்மைதான். மேல்மலையனூர்ப் பள்ளிக்கு வேலைக்குப் போகும் பிரம்மிக்கு, பஸ்ஸில் பின்சீட்டில் தனலட்சுமி முக்காடிட்டு உட்கார்ந்து, போனில் யாரிடம் பேசுகிறாள் என்று காது கொடுத்தார். அவள் யாரிடமும் பேசவில்லை.

நிச்சயதார்த்தத்தன்று கூடை தானே நகர்ந்து வெற்றிலைத் தாம்பாளத்தை இடித்தது.

"இது பொண்ணு வூட்டுப் பொய்தான்!" என்றார் தனலட்சுமி.

"இல்ல, பையன் வூட்டுது!"

பிரம்மி கூடையை எடுத்தாள். "எனக்கு இஷ்டமில்ல நைனா. சம்மதம்னு நீதான சொன்ன? என்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

வால் துடிப்பது நின்றது.

பல்லிக்குப் புது வால் முளைத்தது. உள்ளே எலும்பில்லை, குருத்தெலும்புதான். மேலே புள்ளியில்லாத மங்கிய நிறம். அதில் உடைகிற கோடு கிடையாது. அடுத்த முறை உடம்புக்கு இன்னும் பக்கத்தில்தான் முறிய வேண்டும். அதனால் அந்த வீட்டில் இப்போது பார்த்துத்தான் பேசுகிறார்கள். வேறொரு பையன் வீட்டார் வந்தபோது அஜிததாஸ் முதலில் சுவரைப் பார்த்தார். பிறகு, "நீயே சொல்லும்மா" என்றார். யோசித்துச் சொல்வதாகப் பிரம்மி சொன்னாள். வால் அப்படியே இருந்தது. எல்லோரும் காபி குடித்தார்கள்.