உப்பில்லாப் பத்தியம்

மருந்து என்றால் பத்தியம் உண்டு. பட்டணத்து டாக்டர் சொல்லவில்லை. மறந்திருப்பார் என்று சாமுண்டீஸ்வரி நினைத்துக்கொண்டாள். புருஷன் செங்கல்வராயனின் குழம்பில் ஒரு கல் உப்பு விழவில்லை.

போன ஐப்பசியில் தூக்கமே இல்லாமல் திரிந்தவன், புயல் கூண்டு ஏற்றிய அன்று "கடலுக்கு நான்தான்டா ராஜா" என்று கத்திக்கொண்டு முகத்துவாரத்தைத் தாண்டிப் படகை விட்டான். அந்த வெறி அடங்கப் பட்டணத்து டாக்டர் கொடுத்த லித்தியம் மாத்திரைதான் அவனை வீட்டில் உட்கார வைத்தது. அவள் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை.

"கருவாடு ஒரு துண்டு குடுமே. நாக்கு செத்துப்போச்சு."

"பத்தியம் முறிஞ்சா மருந்து கேக்காதுய்யா. பழையபடி ஆவணுமா ஒனக்கு?"

அவன் சப்பென்ற சோற்றைத் தின்றான்.

தாகம் வந்தது. குடத்தை அவனே காலி செய்தான். கை லேசாக நடுங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் இப்போது வலை பின்னும் ஊசி கையில் நிற்கவில்லை. பிறகு பேதி, வாந்தி. ஒரு காலையில் கரையிலிருந்து தள்ளாடி வந்தான். நாக்கு குழறியது.

"விடியறதுக்குள்ள ஊத்திக்கினாரு தொர," என்று சிரித்தான் அவன் அண்ணன் நாகப்பன்.

சாமுண்டீஸ்வரி புருஷன் வாயை மோந்து பார்த்தாள். வாடை இல்லை.

"சாராயம் இல்ல மாமா. படகை எடு."

ஏரியைத் தாண்டி, பழவேற்காட்டில் பஸ் பிடித்து, பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

டாக்டரம்மா மாத்திரையைப் பார்த்தார். "என்ன சாப்பாடு குடுக்கறே?"

"உப்பே சேக்கலம்மா. சுத்தப் பத்தியம்."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "உப்பு கொறைஞ்சா இந்த மருந்து வெளிய போகாதும்மா. ஒடம்புலயே தங்கி விஷமாயிடும்."

சலைன் ஏற்றினார்கள்.

"ஒண்ணுக்குப் போனாரா?"

"நேத்துலேந்து இல்லம்மா."

"போகணும். விஷம் அதுலதான் வெளிய போகும். போனாத்தான் எதுவும் சொல்ல முடியும்."

சாமுண்டீஸ்வரி கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தாள். தன் கையால் பிசைந்து ஊட்டிய சோறு. அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

"அந்த மாத்திரைய ஏரில கடாசு," என்றான் நாகப்பன்.

"கடாசிட்டா? திரும்பக் கடலுக்கு ஓடுனா நீ புடிப்பியா மாமா?"

நாகப்பன் கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்தான்.

இரண்டாவது பாட்டில் பாதி இறங்கியது. நாகப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தான். "சீ, படுத்த எடத்துலயே போய்ட்டான்!"

அவள் மெத்தையில் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது. கட்டிலுக்கு அடியிலும் சொட்டியது.

"டாக்டரம்மா!" என்று ஈரக்கையோடு ஓடினாள்.