ஞானகுமாரியின் தொண்டைக்கட்டு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பதாம் ஆண்டு ஐப்பசியில், ஆவடி குவார்ட்டர்ஸில் கீரை விற்கும் அய்யாசாமி காய்ச்சலில் படுத்து எழுந்தபோது பார்வதம் டீச்சரின் குரலில் பேசினார். அரைக்கீரை விலை மாறவில்லை. "இன்னாம்மா அப்டி பாக்கறே? கொரலுதான் வேற, கீரை அதே கீரைதான்" என்று அவர் டீச்சரின் கறாரான மெல்லிய குரலில் சொல்ல, பெண்கள் வழக்கம்போல் பேரம் பேசினார்கள், சற்றுப் பணிவாக. "அந்தாளு கூவுனா எம் பசங்க ரெண்டும் ஹோம்வொர்க் நோட்டைத் தேடுதுங்க" என்றாள் இரண்டாம் மாடி பத்மா. டீச்சரோ அதற்கு முன்பே ஒரு பஸ் கண்டக்டரின் குரலில் ஏழாம் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தார். அய்யாசாமியின் சொந்தக் குரல், தெருமுனையில் கூவினால் கடைசி பிளாக் வரை கேட்கும் அந்தக் கட்டைக் குரல், யாரிடம் போனது என்பது மட்டும் தெரியவில்லை.

மழைக்காலக் காய்ச்சல் ஆவடிக்குப் புதிதல்ல. ஏரிப் பக்கமிருந்து ஈரக்காற்று வீசத் தொடங்கியதும் வரும். உடம்பு வலிக்கும், தொண்டை கட்டும், பிறகு அவரவர் குரல் அவரவரிடம் திரும்பும். புதிய காய்ச்சலும் அப்படியேதான் வந்தது. ஆனால் தொண்டை திறக்கும்போது, யாரிடமிருந்து தொற்றியதோ அவருடைய குரல் வெளியே வந்தது. போன குரல் திரும்பவில்லை. டிஸ்பென்சரி டாக்டர் நாகேந்திரன் இரண்டுக்கும் ஒரே மாத்திரையைக் கொடுத்தார். "வருஷா வருஷம் வர்றதுதாம்மா. இந்தப் புது ஜுரத்துல ரெண்டு பெரியவங்க போயிட்டாங்கன்னு பயப்படறீங்க. போன வருஷ ஜுரத்துல எத்தனை பேர் போனாங்கன்னு யாராவது கேட்டீங்களா?" யாரும் கேட்டதில்லை. அவர் சொன்னது நியாயமாகவே இருந்தது, பயம் குறையவில்லை. எந்தக் காய்ச்சல் என்று அறியப் பேசிப் பார்ப்பதைத் தவிர வேறு சோதனை இல்லாததால், தொண்டை கட்டியவர்கள் பேசுவதை நிறுத்தினார்கள். அந்த மாதம் பேக்டரிச் சங்கும் மின்சார ரயிலும் மட்டுமே தாராளமாகச் சத்தம் போட்டன.

முதல் மாடியில் ஜெயபாலின் மனைவி ஞானகுமாரிக்கும் காய்ச்சல் வந்தது. அதற்குச் சற்று முன்புதான் அய்யாசாமி, குரல் மாறாத நிலையில், அவள் வாசலில் முருங்கைக்கீரையைக் கொடுத்துவிட்டுத் தும்மியிருந்தார். அந்தத் தும்மல் அவளுக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. குழந்தை எஸ்தருக்கு ஒன்றரை வயது. இன்னும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வேறு குரல் கேட்டால் முகத்தை மூடிக்கொள்வாள். அம்மா முனகும் வார்த்தையில்லாத தாலாட்டுக்கு மட்டுமே தூங்குவாள். வேறொருவர் குரல் வந்துவிட்டால், குழந்தைக்குத் தான் அம்மாவின் முகம் வைத்துக்கொண்ட அந்நியளாகிவிடுவோம் என்று ஞானகுமாரி பயந்தாள். காய்ச்சல் விட்டது, வலியும் போனது. அவள் வாய் திறக்கவில்லை. இருமலைக்கூடத் தலையணையில் அமுக்கினாள். காலையில் எழும்போது இது பழைய காய்ச்சல்தான் என்று நம்புவாள். பால் பொங்குவதற்குள் அந்த நம்பிக்கை போய்விடும். "ஒரு வார்த்தை பேசும்மா. எந்தக் குரல் வந்தா என்ன, நீதானே?" என்று ஜெயபால் கெஞ்சினார். அவள் தலையாட்டி மறுத்தாள்.

பிறகு குழந்தைக்கும் காய்ச்சல் அடித்தது. "இது எந்தக் காய்ச்சல்னு எப்படிம்மா சொல்றது? இவ இன்னும் பேசவே இல்லையே" என்றார் டாக்டர். மகளின் குரலை ஒருமுறையும் கேட்காமலே இழந்துவிடக்கூடும் என்று ஞானகுமாரி நினைத்தாள். குழந்தை கம்மிய தொண்டையோடு தாலாட்டுக் கேட்டு அழுதது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு தட்டிக்கொடுத்தாள்.

ஒரு மழை மதியம் எஸ்தரின் உடம்பு வியர்த்துக் குளிர்ந்தது. தூளியிலிருந்து தாலாட்டு கேட்டது. ஞானகுமாரியின் குரல், மூன்றாவது இழுப்பில் அவளுக்கு எப்போதும் திணறும் மூச்சு உட்பட. குழந்தை அதைத் தனக்குத் தானே முனகிக்கொண்டு தூங்கிப்போனது. எது எந்தக் காய்ச்சல் என்று இப்போது தெரிந்துவிட்டது. காப்பாற்ற இனி ஒன்றும் இல்லை. தன் குரல் தூளியில் இருக்கிறது.

விழித்ததும் குழந்தை அவளைப் பார்த்து, அவளுடைய குரலிலேயே, "அம்மா" என்றது.

"என்னம்மா கண்ணு?" என்றாள் ஞானகுமாரி. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கீழே அய்யாசாமி சைக்கிளை நிறுத்தி அண்ணாந்து பார்த்தார். "அட, என் கொரலு இங்கதான் கீது! நல்லா வெச்சிக்கம்மா, ஐஸ் தண்ணி மட்டும் அதுக்கு ஆவாது" என்று டீச்சரின் குரலில் சொல்லிவிட்டு மிதித்துப் போனார். எஸ்தர் கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு தூக்கச் சொல்லிக் கைகளை நீட்டினாள்.

புதிய காய்ச்சல் அடுத்த ஐப்பசியிலும் வந்தது, அதற்கடுத்ததிலும். சில வருடங்களில் அதையும் மழைக் காய்ச்சல் என்றே சொன்னார்கள். எஸ்தர் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவின் குரலில் கோயிலில் பாடினாள். விளையாடப் போனவளை ஞானகுமாரி பால்கனியிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் கடைசி பிளாக் வரை பெண்கள் கூடையோடு இறங்கி வந்து, கீரை இல்லை என்று கண்டு, திரும்பப் படியேறினார்கள்.