புருஷன் கொடுக்கக் கூடாது

நவமணியின் இரண்டு கிட்னியும் பழுது என்ற சேதி குனோங் ராபாட்டுக்கு வந்து சேர்ந்தபோது, நவமணி இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேரவில்லை. எங்கள் வீட்டு வரிசை அப்படி. பஸ் தாமதமாகும், பேச்சு தாமதமாகாது. அவள் இறங்கி நடந்து வந்தபோது ஆளுக்கொரு வாசலில் நின்று அவளுடைய வீங்கின காலைப் பார்த்தோம்.

"உப்பைக் குறைச்சிருக்கணும்" என்றாள் ஒருத்தி.

"எல்லாம் ரப்பர் தோட்டத்துல குடிச்ச தண்ணிலா. அப்பவே கெடுத்திருக்கும்" என்றாள் இன்னொருத்தி.

பிறகு எல்லோரும் பார்லி காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். வரிசை முழுக்கக் கொடுத்த பார்லியைக் குடித்தால் நல்ல கிட்னியே நின்றுவிடும்.

அவள் புருஷன் அப்பாவு, சுண்ணாம்புக்கல் லாரியில் கிலிண்டான். டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துபோய் ஏற்றி இறக்குகிற வேலை. நவமணியின் அம்மா செல்லாயிக்கு அவன் கடைசித் தம்பி. அதாவது அக்காள் மகளைக் கட்டினவன். ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை அது பெருமை. "சொத்து வெளிய போகலை" என்பார்கள், என்னமோ சொத்து இருந்தமாதிரி. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று எல்லோரையும் வெளியே அனுப்பிய பிறகு ஈப்போ பக்கம் வந்து டவுன்காரர்கள் ஆனோமா, அதைச் சத்தமாகச் சொல்வதை விட்டோம். மலாய்க்காரர் முகம் சுளிப்பார்கள், சீனத்தி சிரிப்பாள் என்று ஒரு கூச்சம்.

அந்தக் கூச்சத்துக்குச் சட்டமும் சேர்த்துக் கொடுத்தவர் ஜெயபாலன். கட்சிக் கிளைச் செயலாளர். மலாயில் மனு எழுதத் தெரிந்தவர். சட்டைப்பையில் எப்போதும் பேனா வரிசை. எண்பத்திரண்டில் புதுக் கல்யாணச் சட்டம் வந்ததும் மண்டபத்தில் எங்களை உட்காரவைத்து விளக்கினார். "தாய்மாமனைக் கட்டுறதெல்லாம் இனி செல்லாது. தெரிஞ்சா உள்ள போட்டுருவான்." அந்தச் சட்டத்திலேயே இந்துக்கள் அக்காள் மகளைக் கட்டிக்கொள்ள விலக்குக் கொடுத்திருந்தது. அது அவர் படிக்காத பக்கத்தில் இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு நவமணியையும் அப்பாவுவையும் அழைத்துப் போனது இவர்தான். அங்கே தமிழில் கேட்டுச் சொல்ல ஓர் ஆள் போடவில்லை. தோட்டத்து முகங்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருக்கும். யாராவது ஒரு ஜெயபாலன் வராமல் உள்ளே போனால் தலையாட்டிவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

டாக்டர் மலாய்க்காரர். பொறுமையாகத்தான் சொன்னாராம். செத்தவர்களிடமிருந்து கிட்னி கிடைப்பது இந்த நாட்டில் அபூர்வம். உயிரோடிருக்கிற ரத்த உறவு யாராவது கொடுக்க வேண்டும். கூடப்பிறந்தவர், பெற்றவர், பெற்றவரின் கூடப்பிறந்தவர், இப்படி. புருஷன் கொடுக்கக் கூடாது. ரத்தம் கழுவுகிற மிஷின் குறைவு. கிட்னி கொடுக்க ஆள் இருக்கிறவர்களுக்குத்தான் ஆபரேஷன் வரைக்கும் அதில் இடம். ஆள் இல்லாவிட்டால் மாத்திரை.

அங்கே நடந்ததை அப்பாவு எங்கள் வேலியைப் பிடித்துக்கொண்டு சொன்னான். நான் கேட்காமல் அவன் சொல்லவில்லை, கேட்டுத்தான் சொன்னான்.

"அண்ணே, நான் கொடுக்குறேன்னு சொல்லுங்க. பெத்தவளோட கூடப்பொறந்தவன்தானே நானு" என்றிருக்கிறான்.

ஜெயபாலன் அவன் தொடையைக் கிள்ளினாராம். "வாயை மூடுய்யா. அவங்களுக்கு இதெல்லாம் ஹராம். அக்கா மகளைக் கட்டினவன்னு தெரிஞ்சா இப்ப பாக்குற வைத்தியமும் போயிரும். போலீஸ் வந்தா நானும்லா மாட்டுவேன்."

அவன் என்ன சொல்கிறான் என்று டாக்டர் கேட்டார்.

"புருஷன், ரொம்பக் கவலைப்படுறாரு. கொடுக்குற மாதிரி ரத்த உறவு ஒண்ணும் கிடையாது" என்று மலாயில் சொன்னார் ஜெயபாலன். டாக்டர் எழுதிக்கொண்டார்.

செல்லாயிக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதி. அவள் கிட்னி ஆகாது. மிச்சம் இருந்தது தஞ்சோங் மாலிமில் இருக்கிற நவமணியின் அண்ணன். அவன் பெண்டாட்டியோடும் ஒரு பிஸ்கட் டின்னோடும் வந்தான். பேசினது முழுக்கப் பெண்டாட்டி.

"பொட்டப்புள்ளைங்களா வச்சிருக்கேன். ஒத்தக் கிட்னியோட இவரு படுத்துட்டா யாரு பாப்பா?"

"நான் கேக்கவே இல்லையே அண்ணி" என்றாள் நவமணி. "பிஸ்கட்டைப் பிரிங்க, சாப்பிடுவோம்."

அவர்கள் போனதும் அப்பாவுவைப் பார்த்துச் சொன்னாள்: "வயசான ஆளைக் கட்டி வச்சாங்க. ஒரு ஸ்பேர் பார்ட்டுக்குக்கூட ஆகலையே." அவன் சிரித்தான். எழுந்து வீட்டுக்குப் பின்னால் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றான்.

"நம்மாளுகளுக்கு எங்க குடுக்கப் போறான்?" என்று வரிசையில் பேசிக்கொண்டோம். அப்படிச் சொல்வதில் ஒரு திருப்தி இருக்கிறது. பொய்யும் இல்லை; மிஷின் இருந்த அறைக்குள்ளே போன முகங்களையும் வெளியே பெஞ்சில் இருந்த முகங்களையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அப்பாவு தாய்மாமன் என்று எங்களில் எத்தனை பேருக்குத் தெரியாது? எல்லோருக்கும் தெரியும்.

நவமணிக்கு மூச்சு முட்டி, மறுபடி வார்டில் சேர்த்தார்கள். செல்லாயி சோற்றுத் தூக்கோடு போனவள், சோர்ந்து உட்கார்ந்திருந்த அப்பாவுவைப் பார்த்து, "டேய், நீ தின்னியாடா? மூஞ்சியப் பாரு, செத்த கோழியாட்டம்" என்றாள். தைப்பிங்கிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த நர்ஸ் பியாட்ரிஸ் பக்கத்துக் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். தமிழச்சி.

"என்னம்மா, மருமகனைப் போயி டேய்ங்கறீங்க?"

"மருமகன் இன்னிக்கி வந்தவன். அதுக்கு முன்னாடி எந்தம்பி. இவனுக்குக் குண்டி கழுவி விட்டவ நானு."

பியாட்ரிஸ் ஊசியை அப்படியே தட்டில் வைத்தாள். "அப்ப இந்தம்மாவுக்கு இவரு ரத்த சொந்தம்லா! ஏன் யாருமே சொல்லல?"

டாக்டரிடம் ஓடினாள். அவர் கோப்பைப் புரட்டினார். முதலில் கொடுக்க உறவே இல்லை என்றீர்கள், இடமில்லை என்று தெரிந்ததும் மாமா வந்துவிட்டாரா என்றார். யாரோ வேற்றாளைச் சித்தப்பா என்று கூட்டிவந்து அவர் ஏற்கெனவே ஏமாந்திருக்கிறார். பிறப்புப் பத்திரம் கேட்டார். அப்பாவு ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவன்; அவன் அப்பனைச் சயாம் ரயில்பாதை போடப் பிடித்துக்கொண்டு போன நேரம், பத்திரம் எடுக்க யார் போவார்கள்? சரி, முதலில் பேசினாரே, அந்தப் பொறுப்பான மனுஷர் வந்து சொல்லட்டும் என்றார் டாக்டர்.

ஜெயபாலன் வாசலில் அப்பாவு நின்றான். நாங்கள் ஜன்னல்களில் நின்றோம்.

"கிளைத் தேர்தல் வருதுப்பா. நானே போயி முன்ன சொன்னது பொய்யின்னா, என்னைய என்னன்னு நெனைப்பாரு? அடுத்த வாரம் பாப்போம்."

அடுத்த வாரம் தைப்பிங்கில் கூட்டம். அதற்கடுத்த வாரம் காய்ச்சல். காய்ச்சல்காரர் கோப்பிக்கடையில் ரொட்டி சானாய் சாப்பிட்டதைப் பார்த்தவர்கள் உண்டு. பார்த்தோம், அவ்வளவுதான்.

கடைசியில் பியாட்ரிஸ் தினமும் நச்சரித்து, அப்பாவுவின் ரத்தத்தை எடுக்க வைத்தாள். பொருந்துகிறது என்று அவள் வந்து சொன்னபோது நவமணி மூக்கில் குழாயோடு கிடந்தாள். நுரையீரலெல்லாம் தண்ணீர், இப்போது கத்தி வைக்க முடியாது என்றார்கள். "பொருந்துதாம் புள்ள" என்று அப்பாவு அவள் காதில் சொன்னான். கேட்டதோ என்னவோ. இரண்டு நாளில் போய்விட்டாள்.

சாவு வீட்டில் பந்தல் போட்டதும், மைக் பிடித்ததும், சடங்கு நடத்தியதும் ஜெயபாலன்தான். வேறு யாருக்கும் சடங்கு முறை தெரியாது. பொறந்த வீட்டுக் கோடித் துணி போடும் நேரம் வந்தது. காரியம் கெட்டுவிடக் கூடாதே என்ற கவலையில், அடுத்த வரிசை மலாய்க்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்.

"தாய்மாமன் எங்கய்யா? பொண்ணோட தாய்மாமன்! மொதக் கோடி அவருதுதான். முன்னுக்கு வாங்க!"

எல்லோரும் அப்பாவுவைப் பார்த்தோம். புருஷனாக நின்று தலைக்குத் தண்ணீர் ஊற்றிய ஈர வேட்டியோடு அப்பாவு முன்னால் வந்தான்.

"நான்தாண்ணே" என்றான். "இதே சத்தத்துல ஒரு வாட்டி அங்க கூப்ட்டிருக்கலாமே."

ஜெயபாலன் மைக்கைக் கீழே இறக்கினார். "நேரமாவுது, துணியப் போடுப்பா."

போட்டான்.

சுடுகாட்டுக்குப் போய்விட்டு வந்து டீ குடிக்கும்போது, மலாய்க்கார டாக்டர் கொன்றுவிட்டான் என்று வரிசை முடிவு கட்டியது. பியாட்ரிஸ் பெயரை யாரும் எடுக்கவில்லை. கிளைத் தேர்தலில் ஜெயபாலன் போட்டியில்லாமல் வந்தார். அவரை எதிர்த்து நிற்க வேண்டுமானாலும் வேட்புமனுவை அவர்தானே எழுதித் தர வேண்டும்.