ரோச் கொடுத்துவிட்டு வந்த கப்பல் புத்தகம்

புதுத் துறைமுகம் திறந்த மறுவருஷம். என் வீட்டுக்காரர் ரோச் எட்டு மாதமாகக் கப்பல் கிடைக்காமல் வீட்டில் இருந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் சொந்த ஊர் புன்னைக்காயல் அம்புரோஸ், ஆள் எடுக்கும் ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு லாட்ஜில் வந்து இறங்கினான். கிரேக்கக் கப்பலில் வேலை என்றான். இவரும் தன் கப்பல் புத்தகத்தைத் தூக்கி அவனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

பதினோரு வருஷம் எந்தெந்தக் கப்பலில் வேலை செய்தார் என்பதற்கு அந்தப் புத்தகத்தில்தான் முத்திரை இருக்கிறது. அது தொலைந்தால் எந்தக் கப்பலும் அவரை ஏற்றாது.

“ரசீது வாங்கினீயளா?” என்று கேட்டேன்.

“ஏளா, மாதா சப்பரத்துக்கு என்கூட தோள் குடுத்தவன்ட்ட எப்படி ரசீது கேக்க?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் ஆட்களின் புத்தியே இதுதான். முகம் தெரியாதவனிடம் ஆயிரம் கேள்வி கேட்பார்கள். சப்பரம் தூக்கியவன் என்றால் வாயைத் திறக்க வெட்கம்.

மறுநாள் காலையில் நானே துறைமுக ஆபீஸுக்குப் போனேன். அம்புரோஸ் சொன்ன கிரேக்கக் கப்பலின் பேரைச் சொன்னதும், கிளார்க் வன்னியபெருமாள் அண்ணாச்சி லிஸ்டைப் புரட்டிப் பார்த்தார்.

“இந்த மாசம் வார கப்பல்ல அந்தப் பேரே இல்லம்மா. ஆபீசர் முன்னால கையெழுத்துப் போடுத அன்னைக்குத்தான் புத்தகத்தக் குடுக்கணும். முன்னாலயே கேக்கவன நம்பாதீய. வாங்கி வச்சுக்கிட்டு, திருப்பித் தர ரூவா கேப்பானுவ.”

வீட்டுக்கு வந்து இவரையும் இழுத்துக்கொண்டு லாட்ஜுக்குப் போனேன். இவர் மாடிப்படியின் கீழேயே நின்றுவிட்டார். “சத்தம் போடாதளா, ஊர்க்காரன்” என்றார். நான் மட்டும் ஏறினேன். அம்புரோஸ் சட்டைகளை மடித்துப் பையில் திணித்துக்கொண்டிருந்தான்.

“கம்பெனி அட்ரஸ் எங்க? ஒப்பந்தத் தாள் எங்க?”

“என் மேல நம்பிக்கை இல்லையா, மதினி?”

“இல்ல. புத்தகத்த எடும். இல்லன்னா வராந்தாவுல நின்னு ஊரக் கூட்டுவேன்.”

முறைத்தான். பிறகு பைக்குள் கைவிட்டு எங்கள் புத்தகத்தை எடுத்துக் கட்டிலில் வீசினான். பைக்குள் அதே மாதிரி இன்னும் ஒரு கட்டு இருந்தது.

“அதெல்லாம் யாருது?”

“ஒங்களுது கெடைச்சிட்டுல்லா? போங்க.”

உண்மையைச் சொல்கிறேன், புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனாலும் வாசலை விட்டு நகரவில்லை.

“மிச்சத்தையும் குடும்” என்றேன்.

“பொம்பள நீ என்ன செய்வ?” என்று எழுந்து வந்தான்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. ரோச் உள்ளே வந்து கதவைச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து நின்றார்.

“பைய இங்கன கவுத்துலே, அம்புரோஸு. ஒவ்வொருத்தன் வீட்டுக்கும் நானே கொண்டு குடுக்கேன்.”